முந்நூறு ரூபாய்ப் பரீட்சை

பரீட்சைக்குப் பணம் கட்டுவது நம்மவர்களுக்குப் புதிய விஷயம் அல்ல. பள்ளிக்கூடத்துப் பரீட்சைக்குக் கட்டினோம். உத்தியோகப் பரீட்சைக்குக் கட்டினோம். தேறின போதும் கட்டினோம், தவறின போதும் கட்டினோம். கட்டிய பணம் திரும்பி வராது என்று தெரிந்தே கட்டினோம். ஆனால் மண்டபம் கடற்கரையில் பிறந்த ஒரு வாலிபனுடைய சோற்றுக்கு நேரடியாக வழி செய்யக்கூடிய பரீட்சை ஒன்று உண்டானால், அது மோட்டார் ஓட்டும் பரீட்சைதான். காகிதமும் பேனாவும் அதற்கு வேண்டாம். கையும் காலும் கண்ணும் சேர்ந்து எழுத வேண்டிய பரீட்சை அது. அதற்குச் சர்க்கார் விதித்திருக்கும் கட்டணத்தைப் பற்றி இந்த வாரம் நேயர்களுடன் சிறிது பேசலாம் என்று உத்தேசம்.

நேயர்களில் பலர் மண்டபத்தை ரயில் ஜன்னல் வழியாகப் பார்த்திருப்பீர்கள். இராமநாதசுவாமியைத் தரிசிக்கப் போகிறவர்களுக்கு மண்டபம் ஒரு வாசற்படி. வாசற்படியில் யாரும் தங்குவதில்லை அல்லவா? அங்கே தங்கிப் பிழைக்கிறவர்கள் உள்ளூர் ஜனங்கள்தான். 1914-ஆம் வருஷம் பிப்ரவரி மாதத்தில் பாம்பன் ரயில் பாலம் திறக்கப்பட்டது. அதற்கப்புறம் எழுபத்து நான்கு வருஷ காலம் ரயில் தண்டவாளந்தான் கடலைத் தாண்டிற்று. சாலை மண்டபத்தோடு நின்றுவிட்டது. 1988-ஆம் வருஷம் அக்டோபர் 2-ந் தேதி சாலைப் பாலம் திறக்கப்பட்டதும் அந்த நிலைமை மாறிற்று. அதே அக்டோபர் மாதம் 14-ந் தேதியன்று, இப்போது அமலில் உள்ள மோட்டார் வாகனச் சட்டத்துக்கு ஜனாதிபதியின் சம்மதம் கிடைத்தது. பாலமும் சட்டமும் பன்னிரண்டு நாள் இடைவெளியில் பிறந்த சகோதரர்கள் என்று சொல்லலாம். அண்ணன் வழியைத் திறந்துவிட்டான். அந்த வழியில் யார் வண்டி ஓட்டலாம் என்பதைத் தம்பி நிர்ணயிக்கிறான்.

1964-ஆம் வருஷம் டிசம்பர் மாதப் புயலில் அழிந்துபோன தனுஷ்கோடிக்கும் 2017-இல் நல்ல சாலை போட்டுத் திறந்தார்கள். ஆகவே மண்டபத்திலிருந்து அரிச்சல்முனை வரையில் இப்போது மோட்டார்ச் சக்கரம் தடையின்றி உருள்கிறது. யாத்திரிகர்களை ஏற்றிச் செல்லும் வேன்கள், ஆட்டோக்கள், மீன் ஏற்றிச் செல்லும் வண்டிகள் எல்லாவற்றுக்கும் ஓட்டுகிற கை வேண்டும். மீனைக் கரையில் வைத்துக்கொண்டு நல்ல நாள் பார்த்துக் கொண்டிருக்க முடியாது. ஐஸ் கரைவதற்குள் அது சந்தைக்குப் போய்ச் சேர்ந்தாக வேண்டும்.

கடலோ நம்பத் தகுந்த எஜமானன் அல்ல. புயல் எச்சரிக்கை என்றால் படகு கரையில் கிடக்கும். எல்லைக் கோட்டைத் தாண்டியதாகச் சொல்லி இலங்கைக் கடற்படையினர் பிடித்துக்கொண்டு போவதும் உண்டு. வருஷந்தோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையில், மீன் இனம் பெருகுவதற்காக, அறுபத்தொரு நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது என்ற தடையும் இருக்கிறது. இந்நிலையில் படகில் போகிறவன், கடல் கைவிட்ட காலத்தில் சாலையாவது காப்பாற்றட்டும் என்று எண்ணி மோட்டார் பழகிக்கொள்ள விரும்பினால், அது மிகவும் புத்திசாலித்தனமான எண்ணமே.

அந்த எண்ணத்துக்கு என்ன விலை என்று பார்ப்போம்.

* * *

2016-ஆம் வருஷம் நவம்பர் 8-ந் தேதி இரவு, ஐந்நூறு ரூபாய், ஆயிரம் ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவிக்கப்பட்டது நேயர்களுக்கு ஞாபகம் இருக்கும். ஜனங்கள் பாங்கு வாசலில் கால் கடுக்க நின்று கொண்டிருந்த அந்த வருஷக் கடைசியில், டிசம்பர் 29-ந் தேதி, மத்திய சர்க்கார் மத்திய மோட்டார் வாகன விதிகளில் உள்ள கட்டண அட்டவணையைத் திருத்தி வெளியிட்டார்கள். கையில் இருந்த நோட்டு போய்விட்டதே என்று கவலைப்பட்டுக் கொண்டிருந்தவர்கள், கையில் இல்லாத நோட்டுக்கும் ஓர் உத்தரவு வந்திருப்பதைக் கவனிக்கவில்லை.

அந்த அட்டவணையின்படி, பழகுநர் லைஸென்ஸுக்கு முன்பு 30 ரூபாய் இருந்தது 150 ரூபாய் ஆயிற்று. வண்டி ஓட்டிக் காட்டும் பரீட்சைக்கு முன்பு 50 ரூபாய் இருந்தது 300 ரூபாய் ஆயிற்று. அதாவது முதலாவது ஐந்து மடங்கு. இரண்டாவது ஆறு மடங்கு. பழகுநர் லைஸென்ஸுக்கு முன் நடக்கும் கேள்வி பதில் பரீட்சைக்கு 50 ரூபாய். தேறிய பிறகு லைஸென்ஸ் வழங்குவதற்கு 200 ரூபாய். ஒரே ஒரு வகை வண்டிக்கு இந்த நான்கையும் கூட்டினால் 700 ரூபாய் வருகிறது. மோட்டார் ஸைக்கிளும் காரும் ஆக இரண்டு வகை வேண்டுமென்றால், பரீட்சைக் கட்டணம் ஒவ்வொரு வகைக்கும் தனித்தனி.

இதில் முக்கியமாகக் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. "பரீட்சை அல்லது மறுபரீட்சை" என்று அட்டவணையில் சேர்த்தே போட்டிருக்கிறார்கள். முதல் தடவை போனாலும் 300 ரூபாய். தவறிவிட்டு இரண்டாம் தடவை போனாலும் 300 ரூபாய். மூன்றாம் தடவையில் தேறுகிறவன் மொத்தம் 1,300 ரூபாய் கட்டியிருப்பான்.

"முந்நூறு ரூபாய் ஒரு பெரிய தொகையா?" என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். குடும்பத்தோடு ஓட்டலுக்குப் போய் ஒரு வேளை சாப்பிட்டால் அதைவிட அதிகம் ஆகிறதே என்பார்கள். விலைவாசி ஏறியிருப்பது வாஸ்தவம். ஐம்பது ரூபாயைக் கொடுத்து ஓர் இன்ஸ்பெக்டருடைய அரை மணி நேரத்தை வாங்க முடியாது என்பதும் வாஸ்தவம். ஆகையால் கட்டணத்தை உயர்த்தியதே குற்றம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்று நம் பெரியோர்கள் சொல்லியிருக்கிறார்கள். அளந்து போட்டோமா, போட்டதற்குப் பதில் என்ன கிடைத்தது என்பதுதான் கேள்வி.

* * *

வரி வேறு, கட்டணம் வேறு. இந்த வித்தியாசத்தை நமக்கு விளக்கிச் சொன்ன வழக்கு நம் சென்னை ராஜ்யத்தில் பிறந்ததுதான். உடுப்பியைச் சேர்ந்த சிரூர் மடத்தின் அதிபதி, 1951-ஆம் வருஷத்துச் சென்னை அறநிலையச் சட்டத்தை எதிர்த்துத் தொடுத்த வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரையில் சென்றது. 1954-இல் அளித்த தீர்ப்பில் நீதிபதிகள் ஒரு தெளிவான கோடு கிழித்தார்கள். பொதுக் காரியத்துக்காக எல்லாரிடமும் வாங்குவது வரி. ஒருவருக்குச் செய்து கொடுக்கும் தனி ஊழியத்துக்காக அவரிடம் வாங்குவது கட்டணம். ஊழியத்துக்கும் தொகைக்கும் சம்பந்தம் இல்லாமற் போனால், கட்டணம் என்று பெயர் வைத்தாலும் அது வரியே என்று சொல்லி, அந்தச் சட்டத்தின்படி மடங்களிடமிருந்து வசூலிக்க இருந்த தொகை செல்லாது என்று முடிவு செய்தார்கள்.

பின்னால் வந்த தீர்ப்புகள் இந்தக் கோட்டைக் கொஞ்சம் தளர்த்தியிருக்கின்றன. தராசில் வைத்துச் சரிக்குச் சரி நிறுக்க வேண்டியதில்லை, பொதுவான பொருத்தம் இருந்தால் போதும் என்று சொல்லியிருக்கிறார்கள். கட்டுப்பாட்டுக்காக விதிக்கும் லைஸென்ஸ் கட்டணத்துக்கு அவ்வளவு பிரதிப் பிரயோஜனம் கூடத் தேவையில்லை என்றும் சொல்லியிருக்கிறார்கள். இருக்கட்டும். சட்டப்படி வழக்காடி ஜெயிக்கலாமா என்பதல்ல இங்கே விவாதம். பரீட்சைக்கென்று பெயர் சொல்லித் தனியாக 300 ரூபாய் வாங்கும்போது, அந்த 300 ரூபாய்க்குத் தகுந்த பரீட்சை நடக்கிறதா என்று கேட்கக் குடிமகனுக்கு நியாயமான பாத்தியதை உண்டு.

தகுந்த பரீட்சை எது? விதிகளைப் புரட்டிப் பார்த்தால் அதற்கு நல்ல ஜாபிதாவே இருக்கிறது. பின்புறம் பார்க்கும் கண்ணாடியைச் சரி செய்துகொள்கிறானா, கை காட்டித் திரும்புகிறானா, மற்றொரு வண்டியைப் பத்திரமாகத் தாண்டுகிறானா, பின்னோக்கி ஓட்டுகிறானா, ஆபத்தில் சட்டென்று நிறுத்துகிறானா, சாலைக் குறிகளுக்குக் கட்டுப்படுகிறானா என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டுமாம். படிக்கும்போது நமக்கே பெருமையாக இருக்கிறது.

ஆனால் நம் நாட்டுப் பொது ஜனங்களைக் கேட்டால் அவர்கள் அறிந்த பரீட்சை ஒன்றே ஒன்றுதான்: எட்டுப் போடுவது. தரையில் காலை ஊன்றாமல் ஸ்கூட்டரிலோ மோட்டார் ஸைக்கிளிலோ எட்டு என்ற எண்ணைப் போல் ஒரு சுற்றுச் சுற்றிவர வேண்டும். எட்டைக் குறைவாக நான் பேசவில்லை. வண்டியை அடக்கத் தெரியாதவன் எட்டுப் போட முடியாது. ஆயினும் பாம்பன் பாலத்தின் மேல் பக்கக் காற்று வீசும்போது வண்டியை எப்படிப் பிடிப்பது, எதிரே வரும் பஸ்ஸின் விளக்கு கண்ணைக் கூசும்போது என்ன செய்வது, பாலத்தின் நடுவில் வண்டியை நிறுத்திவிட்டுக் கடலைப் பார்த்துக்கொண்டிருக்கும் யாத்திரிகர்களை எவ்வாறு கடந்து போவது என்பதெல்லாம் எட்டுக்குள் அடங்கிவிடுவதில்லை. சாலை எட்டுப் போல் வளைந்து திரும்பித் தொடங்கிய இடத்துக்கே வந்து சேர்வதும் இல்லை.

2022-ஆம் வருஷத்தில் தமிழ்நாட்டில் நடந்த சாலை விபத்துகள் 64,105. இந்தியாவிலேயே எண்ணிக்கையில் முதலிடம் நமக்குத்தான். அந்த ஒரு வருஷத்தில் நம் ராஜ்யத்தில் மாண்டவர்கள் 17,884 பேர். இத்தனை பேரும் பரீட்சை சரியாக நடக்காததால் மாண்டார்கள் என்று சொல்வது பொருந்தாது. குடி, வேகம், குறுகிய சாலை, பழைய வண்டி என்று காரணங்கள் பல. ஆனால் வண்டி ஓட்டுகிறவனைச் சர்க்கார் நேருக்கு நேர் நிறுத்தி, "உனக்குத் தெரியுமா?" என்று கேட்கும் சந்தர்ப்பம் வாழ்நாளில் அநேகமாக ஒரு தடவைதான் வாய்க்கிறது. அந்த ஒரு தடவையை வீணாக்கினால் அதற்கு வாங்கிய பணம் 50 ரூபாயானாலும் 300 ரூபாயானாலும் வீண்தான்.

* * *

நிற்க. மண்டபத்து வாலிபனிடம் திரும்பி வருவோம். அவன் சர்க்காருக்குக் கட்டும் தொகை அவன் செலவில் ஒரு பகுதிதான். பரீட்சைக்கு வண்டி சர்க்கார் கொடுப்பதில்லை. எந்த வகை வண்டிக்கு லைஸென்ஸ் வேண்டுமோ அந்த வகை வண்டியில்தான் பரீட்சை நடக்க வேண்டும் என்பது சட்டம். சொந்தத்தில் வண்டி இல்லாதவன் மோட்டார்ப் பயிற்சிப் பள்ளியின் வண்டியை வாடகைக்குப் பிடிக்க வேண்டும். வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் இருப்பது ஜில்லாத் தலைநகரான இராமநாதபுரத்தில். மண்டபத்திலிருந்து அங்கே போய்வரப் பஸ் செலவு, அன்றைய சாப்பாடு, அன்றைய கூலி நஷ்டம் எல்லாம் சேரும். கம்ப்யூட்டரில் விண்ணப்பம் போடத் தெரியாதவன் அதற்கொரு தரகரைத் தேடினால், அவருக்கும் ஒரு காணிக்கை. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது இதற்காகவே ஏற்பட்ட பழமொழி போல் இருக்கிறது.

பணத்தைவிடக் கடினமான கட்டணம் காலம். பழகுநர் லைஸென்ஸ் வாங்கி முப்பது நாள் ஆன பிறகுதான் பரீட்சைக்குப் போகலாம். தவறினால் ஏழு நாள் கழித்து மறுபடி போகலாம். மூன்று தடவை தவறினால் அறுபது நாள் காத்திருக்க வேண்டும்; 2019-ஆம் வருஷத்துத் திருத்தத்தின்படி ஒரு பள்ளியில் மறுபயிற்சியும் பெற்றாக வேண்டும். இவை ஒவ்வொன்றும் நியாயமான விதிதான். ஆனால் மீன்பிடித் தடைக்காலத்தோடு சேர்த்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஏப்ரல் 15-ந் தேதி படகு கரையேறுகிறது. அன்றைக்கே பழகுநர் லைஸென்ஸ் கிடைத்துவிட்டதாக வைத்துக்கொண்டாலும், மே மாதம் பாதியில்தான் முதல் பரீட்சைக்கு அருகன் ஆகிறான். மீதி இருப்பது ஒரு மாதம். அந்த ஒரு மாதத்துக்குள் அலுவலகத்தில் தேதி கிடைத்து, பரீட்சையும், தவறினால் மறுபரீட்சையும் முடிந்துவிட வேண்டும். ஜூன் 15 ஆனால் படகு கிளம்பிவிடும். பழகுநர் லைஸென்ஸ் ஆறு மாதம் செல்லும் என்பது உண்மையே. ஆனால் அதற்கப்புறம் பரீட்சைக்குப் போகும் ஒவ்வொரு நாளும், கடலுக்குப் போகாமல் தன் பங்கை இழந்த நாளாகும். முந்நூறு ரூபாய் என்று அட்டவணையில் அச்சிட்டிருப்பது அவன் கணக்கில் வேறு தொகையாகிவிடுகிறது.

இப்படிக் கஷ்டப்படுவதைவிட லைஸென்ஸ் இல்லாமலே ஓட்டிவிடலாம் என்று ஒருவனுக்குத் தோன்றினால் என்ன ஆகும்? 2019-ஆம் வருஷத்துத் திருத்தத்தின்படி லைஸென்ஸ் இன்றி ஓட்டுவதற்கு அபராதம் 500 ரூபாயிலிருந்து 5,000 ரூபாய் ஆயிற்று. பத்து மடங்கு. தமிழ்நாட்டில் 2022 முதல் அது வசூலாகிறது. ஐயாயிரம் ரூபாய்க்குப் பதினாறு தடவை பரீட்சைக்குக் கட்டலாம். மீதி உள்ள 200 ரூபாயில் லைஸென்ஸையும் வாங்கிவிடலாம். "பதினாறும் பெற்று" என்று பெரியவர்கள் வாழ்த்துவது இந்தப் பதினாறை அல்ல என்பது நிச்சயம்.

அபராதமாவது ஒரு நாளோடு போய்விடும். விபத்து அப்படிப் போகாது. லைஸென்ஸ் இல்லாதவன் ஓட்டிய வண்டியால் ஒருவர் காயப்பட்டாலோ மாண்டாலோ, இன்ஷ்யூரன்ஸ் கம்பெனி அவருக்கோ அவர் குடும்பத்துக்கோ நஷ்ட ஈட்டைக் கொடுத்துவிட்டு, அந்தத் தொகையை வண்டிச் சொந்தக்காரரிடமிருந்து திரும்ப வசூலித்துக்கொள்ள வழி இருக்கிறது. 2004-இல் ஸ்வரண் சிங் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு இதைப் பற்றி விரிவாகத் தீர்ப்புக் கூறியிருக்கிறது. கடன் வாங்கி ஒரு மீன் வண்டி வைத்திருக்கிற குடும்பம், லைஸென்ஸ் இல்லாத ஒரு பையனிடம் ஒரு ராத்திரி சாவியைக் கொடுத்ததனால் வீடு வாசலை இழக்க நேரிடும். ஆனை வாங்கத் துணிந்தவர்கள் அங்குசத்துக்கு யோசனை செய்வதுபோல், லட்ச ரூபாய் வண்டியை வாங்கிவிட்டு எழுநூறு ரூபாய் லைஸென்ஸுக்குத் தயங்குவது பெரிய பிசகு. அதே சமயத்தில், அங்குசத்தைக் கைக்கெட்டாத உயரத்தில் தொங்கவிடுவதும் பிசகுதான்.

இந்த இருட்டில் ஒரு வெளிச்சமும் உண்டு. 7,500 கிலோவுக்கு மேற்படாத எடையுள்ள வாடகை வண்டியை ஓட்டுவதற்கு, இலகு ரக வண்டி லைஸென்ஸே போதும், தனியாக ஒரு குறிப்பு வாங்க வேண்டாம் என்று 2024-ஆம் வருஷம் நவம்பர் 6-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டின் ஐந்து நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். யாத்திரிகர் கார் ஓட்டுகிறவனுக்கும் சிறிய சரக்கு வண்டி ஓட்டுகிறவனுக்கும் இதனால் ஒரு பரீட்சையும் ஒரு கட்டணமும் மிச்சம். இந்தத் தீர்ப்பு மண்டபத்தில் எத்தனை பேருக்குத் தெரியும்? தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்குச் சொன்னால் புண்ணியம் உண்டு.

* * *

வெளிநாடுகளில் எப்படி என்று பார்க்கலாம். இங்கிலாந்தில் 1935-ஆம் வருஷம் ஜூன் மாதம் முதல் தேதியிலிருந்து மோட்டார்ப் பரீட்சை கட்டாயமாயிற்று. அதற்கு முன்னால் பணம் கட்டினவர்களுக்கெல்லாம் லைஸென்ஸ். முதன் முதலில் விதித்த பரீட்சைக் கட்டணம் ஏழரை ஷில்லிங். ஏழரை என்ற எண்ணைக் கேட்டதும் நம்மவர்களுக்குச் சனீசுவரன் ஞாபகம் வரும். அந்நாட்டாருக்கு ஜோசியம் தெரியாததால் கட்டிவிட்டார்கள். 1956-இல் பத்து ஷில்லிங்காக இருந்ததை ஒரே அடியாக ஒரு பவுனாக உயர்த்தினார்கள். அதே வருஷக் கடைசியில் சூயஸ் கால்வாய்ச் சண்டையினால் பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு வந்து, பரீட்சைகளையே சில மாதம் நிறுத்திவிட்டார்கள் என்பது வேறு கதை.

2009-ஆம் வருஷத்திலிருந்து அங்கே வேலை நாட்களில் நடக்கும் கார்ப் பரீட்சைக்கு 62 பவுன் கட்டணம். அதைப் பல வருஷம் ஏற்றாமலே வைத்திருந்தார்கள். கட்டணம் ஏறவில்லையே, ஜனங்கள் சந்தோஷமாக இருந்தார்களா என்றால், இல்லை. பரீட்சை நடத்தப் போதிய ஆட்கள் இல்லாமல், தேதி கிடைப்பதற்கு மாதக் கணக்கில் காத்திருக்க வேண்டியதாயிற்று. சில கெட்டிக்காரர்கள் கம்ப்யூட்டர்த் தந்திரத்தால் தேதிகளை மொத்தமாகப் பிடித்து வைத்துக்கொண்டு, நூற்றுக்கணக்கான பவுனுக்கு விற்றார்கள். நமக்குத் தெரிந்த தரகர் அங்கேயும் இருக்கிறார். கோட்டும் ஸூட்டும் மாட்டிக்கொண்டிருக்கிறார், அவ்வளவுதான். அட்டவணையில் கட்டணம் குறைவாக இருந்து, பரீட்சைக்கு இடம் அரிதாக இருந்தால், வித்தியாசத்தைத் தரகர் வாங்கிக்கொள்வார் என்பது இதிலிருந்து நாம் கற்றுக்கொள்ள வேண்டிய பாடம்.

நம் சர்க்காரும் ஒரு புது வழி கண்டிருக்கிறார்கள். 2021 ஜூலை முதல் தேதியிலிருந்து, அங்கீகாரம் பெற்ற பயிற்சி நிலையங்களில் படித்துத் தேறினவர்கள் போக்குவரத்து அலுவலகத்தில் மறுபடி ஓட்டிக் காட்ட வேண்டியதில்லை. இலகு ரக வண்டிக்கு நான்கு வாரத்துக்குள் இருபத்தொன்பது மணி நேரப் பயிற்சி. அதில் இருபத்தொரு மணி நேரம் வண்டியில். மிக நல்ல ஏற்பாடு. ஆனால் அப்படிப்பட்ட நிலையத்துக்கு விசாலமான நிலமும், பரீட்சைத் தடமும், வண்டி ஓட்டுவதுபோல் பாவனை செய்து பழகும் யந்திரமும் வேண்டும். அவ்வளவு முதல் போட்டவர் பயிற்சிக் கட்டணத்தில்தான் அதை எடுக்க வேண்டும். ஆகவே வசதியுள்ளவர்களுக்கு ஒரு வாசல், இல்லாதவர்களுக்கு வேறொரு வாசல் என்று ஆகிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

2024-ஆம் வருஷம் மே மாதத்தில், "ஜூன் முதல் தேதியிலிருந்து யாரும் போக்குவரத்து அலுவலகத்துக்குப் போக வேண்டாம், தனியார் பள்ளியிலேயே பரீட்சை" என்று ஒரு செய்தி நாடெங்கும் பரவிற்று. புதுக் கட்டணங்கள் என்று சொல்லி 2016-ஆம் வருஷத்து அட்டவணையையே கைபேசிக்குக் கைபேசி அனுப்பினார்கள். விதிகளில் மாறுதல் எதுவும் இல்லை, 2021-இல் வந்த ஏற்பாடுதான் நடக்கிறது, சாதாரணப் பயிற்சிப் பள்ளியின் சான்று பரீட்சையிலிருந்து விலக்கு அளிக்காது என்று மந்திரி காரியாலயம் விளக்கம் வெளியிட வேண்டியதாயிற்று. எட்டு வருஷத்துக்கு முந்திய கட்டணம் ஜனங்களுக்குப் புதுச் செய்தியாக இருந்ததென்றால், அதை அவர்களுக்கு யாரும் சரியாக எடுத்துச் சொல்லவில்லை என்றுதானே அர்த்தம்?

* * *

குறை சொல்வதோடு நிறுத்திவிட்டால் பத்திரிகைக்காரர்களின் வழக்கமான தொழிலைச் செய்ததாக ஆகும். ஆகவே செய்யக் கூடியவை என்று எனக்குத் தோன்றுகிற சிலவற்றையும் சொல்லிவிடுகிறேன்.

முதலாவது, மோட்டார் வாகனச் சட்டத்தின் 211-வது பிரிவு கட்டணம் விதிக்கச் சர்க்காருக்கு அதிகாரம் கொடுக்கிறது. அதே பிரிவின் கடைசியில், பொது நன்மையை உத்தேசித்து எந்த வகுப்பினருக்கும் கட்டணத்தை முழுவதுமோ ஒரு பகுதியோ தள்ளிக் கொடுக்கலாம் என்ற வாசகமும் இருக்கிறது. வசூலிக்கும் வரிகளை மனப்பாடம் செய்தவர்கள் இந்த வாசகத்தையும் ஒரு தடவை படித்துப் பார்க்க வேண்டும். 2018-இல் மத்திய சர்க்காரே நாட்டில் பின்தங்கியவை என்று பொறுக்கி எடுத்த ஜில்லாக்களில், தமிழ்நாட்டிலிருந்து சேர்க்கப்பட்டவை இரண்டே இரண்டு: விருதுநகரும் இராமநாதபுரமும். பின்தங்கிய ஜில்லா என்று தாங்களே ஒப்புக்கொண்ட இடத்தில், மீனவக் குடும்பத்து வாலிபர்களுக்கும் ஏழைப் பெண்களுக்கும் முதற் பரீட்சைக்கு மட்டுமாவது கட்டணத்தைத் தள்ளிக் கொடுப்பதில் கஜானா காலியாகிவிடாது.

பெண்களைக் குறிப்பிட்டதற்குக் காரணம் உண்டு. 2018 பிப்ரவரியில் தமிழ்நாட்டுச் சர்க்கார், வேலைக்குப் போகும் பெண்கள் ஸ்கூட்டர் வாங்குவதற்கு 25,000 ரூபாய் வரையில் மானியம் கொடுக்கும் திட்டம் ஒன்றைத் தொடங்கினார்கள். அந்தத் திட்டம் பின்னால் நின்றுவிட்டது. அது நடந்த காலத்தில் மானியம் பெறுவதற்கு லைஸென்ஸ் ஒரு நிபந்தனையாக இருந்தது. வண்டிக்கு ஆயிரக் கணக்கில் உதவத் தயாராக இருந்த கை, வண்டியை ஓட்டும் உரிமைக்கு நூற்றுக் கணக்கில் உதவத் தயங்க வேண்டியதில்லை. மண்டபத்துக் கடற்கரையில் விடியற்காலையில் பாசி சேகரிக்கவும் மீன் வாங்கி விற்கவும் நெடுந்தூரம் போகும் பெண்களுக்கு, ஸ்கூட்டர் அலங்காரப் பொருள் அல்ல.

இரண்டாவது, பரீட்சையில் தவறினவனுக்கு எதில் தவறினான் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் ஏழாம் வகுப்புப் பையனுக்குக் கூட மார்க்குப் பட்டியல் உண்டு. 300 ரூபாய் கட்டினவனுக்குக் "குறி காட்டவில்லை", "கண்ணாடி பார்க்கவில்லை", "வளைவில் காலை ஊன்றினான்" என்று மூன்று வரி எழுதிக் கொடுத்தால், அடுத்த ஏழு நாளில் அதைப் பழகிக்கொண்டு வருவான். காரணம் சொல்லாமல் அனுப்பினால், காரணம் வேறு என்று அவனே ஊகித்துக்கொண்டு தரகரைத் தேடிப் போவான். தரகர் தொழிலுக்கு மௌனத்தைப் போல் உரம் வேறில்லை.

மூன்றாவது, பரீட்சை ஜனங்களைத் தேடி வர வேண்டும். கடற்கரை ஊர்களில் பரீட்சை முகாம் நடக்கிற இடங்களில் அது முன்கூட்டி அறிவித்த தேதியில் தவறாமல் நடக்கட்டும். நடக்காத இடங்களில் தொடங்கட்டும். முக்கியமாக மே மாதப் பிற்பாதியிலும் ஜூன் முற்பாதியிலும், தடைக்காலம் முடிவதற்குள், மீனவர்களுக்கென்று சில நாட்களை ஒதுக்கி வைக்கட்டும். தேர்தல் சமயத்தில் கடலோரக் குக்கிராமத்துக்கெல்லாம் வோட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டு போகத் தெரிந்த ராஜாங்கத்துக்கு, ஓர் இன்ஸ்பெக்டரை மண்டபத்துக்கு அனுப்புவது அசாத்தியமான காரியமா?

நான்காவது, ஒவ்வொரு ஜில்லாவிலும் பரீட்சைக் கட்டணமாக வருஷத்தில் எவ்வளவு வசூலாயிற்று, அதில் பரீட்சைத் தடத்துக்கும் இன்ஸ்பெக்டர்களுக்கும் எவ்வளவு செலவாயிற்று என்று அலுவலக வாசலில் ஒரு பலகையில் எழுதி வைக்கட்டும். கோயில் கும்பாபிஷேகத்துக்கு வசூல் செய்கிறவர்கள் கூட வரவு செலவுக் கணக்கை அச்சடித்துக் கொடுக்கிறார்கள். கணக்கு ஜனங்கள் கண்ணில் பட்டால், நல்ல பரீட்சைக்காக இன்னும் ஐம்பது ரூபாய் கேட்டாலும் அவர்கள் முணுமுணுக்காமல் கொடுப்பார்கள்.

"கட்டணம் அதிகமாக இருந்தால்தான் நன்றாகப் பழகிக்கொண்டு வருவார்கள்" என்று ஒரு வாதம் உண்டு. பணக்காரர் வீட்டுப் பையனுக்கு 300 ரூபாய் ஒரு தடையே அல்ல. ஆகவே அது அவனுக்கு எதையும் கற்பிக்காது. ஏழை வீட்டுப் பையனுக்கு அது பாடமாவதைவிடத் தடையாவதே அதிகம். கற்பிக்க வேண்டியது பரீட்சை. அந்த வேலையைக் கட்டணத்தின் தலையில் கட்டினால் இரண்டும் கெடும்.

கடலில் படகு செலுத்துகிறவனுக்கு யாரும் எட்டுப் போடச் சொல்லிப் பரீட்சை வைப்பதில்லை. தகப்பன் பக்கத்தில் உட்கார்ந்து பல வருஷம் கற்றுக் கொடுக்கிறான். காற்றும் நீரோட்டமும் தவறைத் தவறென்று அப்பொழுதைக்கப்பொழுது சொல்லிவிடுகின்றன. சாலைக்கு வரும்போது தகப்பன் ஸ்தானத்தில் சர்க்கார் இருக்கிறார்கள். பையனிடம் 300 ரூபாய் வாங்கிக்கொள்ளட்டும், ஆட்சேபம் இல்லை. வாங்கினதற்குப் பக்கத்தில் உட்கார்ந்து, எது சரி எது தவறு என்று சொல்லி அனுப்பட்டும். அப்படிச் செய்தால் அவனும் பிழைப்பான். எதிரே வருகிற நாமும் பிழைப்போம்.